பத்து கிலோமீட்டர்

மாவு மில்லுக்கு மேலே இரண்டாம் மாடி.
படிக்கட்டில் அதே மிளகாய் நெடி.
தும்மி முடித்துவிட்டுத்தான்
மைக்குக்குப் போக வேண்டும்.
இதை யாரும் எனக்கு
மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது வருஷம்
சோழிங்கநல்லூரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு
'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.
சாப்பாட்டு இடைவேளையில்
லிப்டுக்குள் தனியாக நின்றால்
வாய் தானாக ஆரம்பிக்கும்:
நேரம் ஒரு மணி பதினாறு நிமிடம்,
காசிமேட்டில் காற்று தென்கிழக்கிலிருந்து.
நாலாம் மாடியில் கதவு திறக்கும்.
இருமுவதுபோல நடிப்பேன்.

பிறகு கழுத்தில் கத்தி.
தைராய்டு கட்டி, எலுமிச்சை அளவு.
குரல் கொஞ்சம் இறங்கலாம் என்றார்
ஸ்டான்லி டாக்டர்.
கொஞ்சமா?
படியெல்லாம் இறங்கிப் போய்
தரையில் உட்கார்ந்துகொண்டது.
போனில் எல்லாரும் 'சொல்லுங்க சார்' என்கிறார்கள்.
கம்பெனி மரியாதையாக,
கேக் வெட்டி, அனுப்பிவைத்தது.

எபிநேசர் கூப்பிட்டான்.
"ஆளில்லக்கா. காலைல அஞ்சு மணி ஷிப்டு.
துட்டும் பெருசா இல்ல."
பேரம் பேசத் தெரியாதவன்.
என்னிடமே காசு கேட்டிருந்தாலும்
ஆட்டோ பிடித்திருப்பேன்.

சுவரில் முட்டை அட்டை போய்
நுரைப்பஞ்சு வந்திருக்கிறது.
மூன்றாவது ஃபேடர் இன்னும் கரகரக்கிறது.
அதன் தலையில் என் ஸ்டிக்கர் பொட்டு,
சிவப்பெல்லாம் போய்.

கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் வந்தால்
முன்பு பாட்டுப் போட்டு மறைப்போம்.
இன்று விட்டுவிட்டேன்.
ஐம்பத்தெட்டு பெட்டியும் போகட்டும்.
கேட்கிறவர்களில் பாதிப் பேர்
அந்த கேட்டில்தான் நிற்கிறார்கள்.

ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர்.
சுவர் வரைபடத்தில் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம்:
வடக்கே எண்ணூர், மேற்கே வில்லிவாக்கம்,
தெற்கே திருவல்லிக்கேணி.
கிழக்குப் பாதி முழுக்கக் கடல்.
ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை
பேனா மூடியால் நீலத்தைத் தட்டி
'பாதி வேஸ்ட்' என்றார்.
ராத்திரி போன விசைப்படகு திரும்பும்போது
இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சொல் தெளிந்தால்
இன்னும் ஒரு மணி நேரம் என்று
அங்கே ஒருவன் பீடியை அணைப்பது
அவருக்குத் தெரியாது.

ஐந்து ஐந்துக்கு ஃபேடரை ஏற்றினேன்.
அலை உயரம். காற்று.
நேற்றைய ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை.
குடிநீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது.
காணவில்லை: சாம்பல் நிறப் பை,
உள்ளே ரேஷன் கார்டு,
இரா. பூங்கோதை என்பவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.
ஹெட்போனில் என் குரல்
பக்கத்து அறையில் யாரோ படிப்பதுபோல.

ஐந்தே முக்காலுக்கு முதல் போன்.
பின்னால் இன்ஜின் சத்தம்.
"இன்னா சார், புச்சா?"
ஆமாம் என்றேன்.
"முன்ன ஒரு அக்கா பேசும், தவமணின்னு.
அது எங்க சார்?"

மீட்டரில் முள் ஆடியது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எபிநேசர்
சொல்லு சொல்லு என்று கையை ஆட்டுகிறான்.

லீவுல இருக்காங்க என்றேன்.

"வந்தா சொல்லு சார்.
எங்க போட்டு பேர தப்பாவே படிக்கும்.
ஆரோக்கிய அன்னைய
ஆரோக்கிய அண்ணன்னு.
அதுக்கப்பறம் தப்பா படிக்கக்கூட
எவனும் இல்ல."

சொல்றேன் என்றேன்.
அதற்குள் சிக்னல் போய்விட்டது.

டீசல் மானிய டோக்கன் பட்டியல்.
தாளைத் திருப்பினேன்.
ஒன்றிலிருந்து பதினாறு வரை
எழுத்துப் பிசகாமல் படித்தேன்.
பதினேழு,
ஆரோக்கிய அண்ணன்.

ஒரு வாய் தண்ணீர்.
போன் விளக்கு ஒன்று, பிறகு இரண்டு,
மினுங்கிக்கொண்டே இருந்தது.
எடுக்கவில்லை.
பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை
இன்னும் பாக்கி இருந்தது.